வெயிலில் நிறுத்தினால் எடுக்காது, மெக்கானிக் வந்தால் எடுத்துவிடும்: பழைய பெட்ரோல் கார்களின் கண்ணாமூச்சிக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

ஒரு வாரமாக வண்டியில் எந்தப் பிரச்சினையும் இல்லை. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கிறது. பெண்ணாடம் போய் வந்தது, நெய்வேலி போய் வந்தது. எட்டாவது நாள் மதியம் விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, ரயிலில் வந்த உறவினரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சாவியைப் போட்டால், செல்ஃப் சுற்றுகிறது; இன்ஜின் எடுக்கவில்லை. மெக்கானிக்குக்கு போன் போகிறது. அவர் பைக்கில் வந்து சேர இருபது நிமிடம். வந்தவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் ஸ்டார்ட். "வண்டி நல்லாத்தானே இருக்கு?"

பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் காட்சி தெரியும். இதற்குப் பிறகு நடப்பதும் தெரியும். முதலில் பேட்டரி மாறும். அடுத்த தடவை நின்றால் ஸ்பார்க் பிளக். அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். கடைசியில் "ஈசியூ போயிருக்கும் சார்" என்ற வார்த்தை வரும். ஆனால் அந்த நிமிடம் எது வேலை செய்யவில்லை என்று அதுவரை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றரை லட்ச ரூபாய்கூடப் பெறாத காருக்கு அதில் கணிசமான பங்கைச் செலவழித்த பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்.

சிறு நகரங்களில் இந்தக் கார்கள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்தால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ கிளம்ப வேண்டியது அதில்தான். பத்தில் ஒரு தடவை எடுக்காத வண்டியை, எடுக்கும் வண்டி என்று எண்ணி வைத்திருக்க முடியாது.

இந்த வகைக் கோளாறில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வண்டி நன்றாக இருக்கும் நேரத்தில் எவ்வளவு சோதித்தாலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எடுக்காத அந்தச் சில நிமிடங்களில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும்: கரண்டா, பெட்ரோலா, ஸ்பார்க்கா? அந்த நேரத்தில் வண்டிக்குள் இருப்பது மெக்கானிக் இல்லை, ஓட்டுபவர்தான். அதனால் துப்பறியும் வேலையில் பாதி அவர் தலையில்தான் விழுகிறது.

எந்தத் தலைமுறைக் கார்கள்?

இந்தியாவில் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்ததற்கு முக்கியக் காரணம் புகை விதிகள். டெல்லி வட்டாரத்தில் யூரோ விதிகளை 1999-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் முதல்கட்ட பாரத் விதிகள் நாடு முழுக்க வந்தன. 2005-ல் இரண்டாம் கட்டம். இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் வெளிவந்த சான்ட்ரோ, தொடக்கத்திலேயே எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு வந்தது. மாருதி 800, ஜென் போன்றவை அந்த வரிசையில் மாறின. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் தெருவில் அது நிற்கவில்லை.

இந்தக் கார்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெட்ரோல் தெளிப்பதை ஈசியூ என்கிற கணினி முடிவு செய்கிறது. ஆனால் அந்தக் கணினி பேசும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி முறை இந்தியாவில் 2010-ல் தொடங்கி, 2013-ல்தான் முழு வடிவத்துக்கு வந்தது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ப்ளூடூத் ஸ்கேனர் 2004 மாடல் காரோடு பேசாமல் போவதற்குக் காரணம் இதுதான். பேசினாலும், விட்டு விட்டு வரும் கோளாறுகள் பல கோடு எதையும் பதிய வைப்பதில்லை. ஸ்கேனரில் ஒன்றும் இல்லை என்றால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

'எடுக்கல' என்றால் எது எடுக்கல?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் சம்பந்தமே இல்லாத மூன்று கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை என்றால் பெட்ரோலையும் பிளக்கையும் தொட வேண்டிய அவசியமே இல்லை. பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், செல்ஃப் மோட்டார், சாவித் துளையின் பின்னால் இருக்கும் சுவிட்ச், இவற்றுக்குள்தான் கோளாறு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்குவது சகஜம். ஒன்பதரைக்கும் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரியில் நல்ல வோல்ட் இருந்தும் செல்ஃப் திணறினால் முனைகளையும், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்த முனையைச் சுரண்டி இறுக்கியதோடு முடிந்துபோன வழக்குகளில்கூட முன்னதாகப் புது பேட்டரி விற்றிருப்பார்கள்.

இரண்டாவது வகை: எடுக்கும், இரண்டு விநாடி ஓடும், அணைந்துவிடும். அப்போது டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னினால் அது இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் இதற்கு இலவசச் சோதனை.

மூன்றாவது வகைதான் நிஜமான தலைவலி. செல்ஃப் கம்பீரமாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. இந்த வகையில் "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்று நாலு பேர் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் அதே வேலையைத்தான் தள்ளுபவர்களும் செய்யப் போகிறார்கள். போதாததற்கு, எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

இரண்டு விநாடி சத்தம்

இன்ஜெக்‌ஷன் காரில் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்துங்கள். பின்சீட்டுப் பக்கத்திலிருந்து 'உம்ம்ம்' என்று சுமார் இரண்டு விநாடி ஒரு சத்தம் வந்து நிற்கும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. இன்ஜின் சுற்றுவதாகத் தகவல் வராவிட்டால் ஈசியூ பம்பை நிறுத்திவிடும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பெட்ரோல் தொடர்ந்து பீய்ச்சாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வண்டி நன்றாக இருக்கும் நாளில் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்தச் சத்தத்தை நாலு தடவை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கோளாறு வரும் நாளில் இந்த ஒரு பழக்கம்தான் வழியைப் பிரிக்கும்.

சாவி ஆன் செய்ததும் சத்தமே இல்லை. அப்படியானால் பம்ப், பம்புக்கான பியூஸ், ரிலே, அவற்றுக்கு இடைப்பட்ட வயரிங், இந்த வட்டத்துக்குள்தான் ஆள் இருக்கிறான். சில ஃபோர்டு வண்டிகளில் கூடுதலாக, மோதல் அதிர்ச்சியில் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே அது தட்டிவிடலாம்.

சத்தம் வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை. இப்போது சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் - ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் பம்ப் சத்தம் முடியும்வரை விட்டு, அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்துவிட்டால் அதுவே பெரிய துப்பு. பம்ப் சாகவில்லை, ஆனால் வண்டி நிற்கும் நேரத்தில் லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர், மூன்றில் ஒன்று. இந்தக் கார்களில் லைன் அழுத்தம் பொதுவாக 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை சூட்டில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. இறங்கிவிட்டால், ஓடி நிறுத்திய இன்ஜினின் சூட்டிலேயே பைப்புக்குள் ஆவி கட்டிக்கொள்ளும். மதியம் கடைவீதியில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் மட்டும் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

டேங்கின் அடியில் கையால் தட்டினால் பம்ப் ஓடத் தொடங்குகிறதா? பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு வந்து சேரலாம். ஆனால் அதை வைத்தியம் என்று நினைத்துத் தினமும் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: பம்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

ஹோண்டாவின் அந்தப் பெட்டி

உலகம் முழுக்க இந்தக் கண்ணாமூச்சிக் கோளாறுக்கு மிகவும் பேர்போன உதாரணம், 1980-கள், 90-களின் ஹோண்டா அக்கார்ட், சிவிக் கார்களில் இருந்த மெயின் ரிலே. இந்தியாவில் 1998-ல் வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி வைத்திருந்தவர்களுக்கும் இது புதிதில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. உள்ளே இரண்டு ரிலேக்கள். ஒன்று ஈசியூவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் கரண்ட் தரும். இன்னொன்று பெட்ரோல் பம்புக்கு.

கார் வெயிலில் நிற்கும். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும். திரும்பி வந்து சாவியைப் போட்டால் செல்ஃப் சுற்றும், எடுக்காது. கதவைத் திறந்து போட்டு, கால் மணி நேரம் நிழலில் நின்று வந்தால் எதுவுமே நடக்காத மாதிரி எடுக்கும். பம்பை மாற்றியவர்கள் உண்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியவர்கள் உண்டு. கடைசியில் அந்தப் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால், ரிலேயின் கம்பிக் கால்கள் நிற்கும் ஈயப் பற்றில் மயிரிழை அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல்.

இது ஏன் வருகிறது என்று விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் தொழில் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு நடக்கும் ஊர் இது. சூளையிலிருந்து எடுத்த பொம்மையின் பளபளப்பான மேல்பூச்சில், சில சமயம் எடுத்த அன்றே, சில சமயம் பல நாள் கழித்து, வலை பின்னின மாதிரி மயிர்விரிசல் ஓடும். உள்ளே இருக்கும் மண்ணும் மேலே இருக்கும் பூச்சும் ஆறும்போது ஒரே அளவு சுருங்காததுதான் காரணம். அதிகமாகச் சுருங்கப் பார்க்கிற பூச்சு இழுபட்டு வெடிக்கிறது.

ரிலே போர்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். செப்பு, ஈயப் பற்று, போர்டின் பிளாஸ்டிக், மூன்றும் சூட்டில் வெவ்வேறு அளவு விரிகின்றன. தினமும் வெயிலில் காய்ந்து, ராத்திரி குளிர்ந்து, வருடக்கணக்கில் இழுபட்டுப் பற்று விட்டுப்போகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் விலகும். மெக்கானிக் வரும்போது வண்டி எடுத்துவிடுவதில் மாயமந்திரம் ஏதும் இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுகிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்று வைத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. டிவி, மிக்ஸி ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் போதும்.

மற்ற கம்பெனிக் கார்களில் ரிலே தனித்தனியாகக் குத்திக் கழற்றும் வகையில் இருக்கும். அங்கே சோதனை இன்னும் சுலபம். ஹார்னுக்கோ ஃபேனுக்கோ அதே நம்பர், அதே கால் அமைப்பில் ரிலே இருந்தால், கோளாறு வரும் நேரத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். எடுத்துவிட்டால் திருடன் கையில் இருக்கிறான். விலை சில நூறு ரூபாய். இங்கே செய்யும் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கால் கருகியிருக்கிறதா என்று பார்த்துச் செருகிய பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ரிலேயின் காலில் மட்டுமில்லாமல், அது உட்காரும் குழியிலும் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்ப் மேல் விழும் பொய்ப் பழி

சாவி ஆன் செய்ததும் இரண்டு விநாடி பம்ப் ஓடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது ஓடவில்லை. பிளக்கில் ஸ்பார்க்கும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன.

உண்மையான சந்தேகம் விழ வேண்டியது கிராங்க் சென்சார் மேல். ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், எதிரே இன்ஜினோடு சுற்றும் பல் சக்கரம். பல் கடக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் துடிப்பு ஈசியூவுக்குப் போகும். அந்தத் துடிப்பு வராவிட்டால், செல்ஃப் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஈசியூவைப் பொறுத்தவரை இன்ஜின் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால் பம்பும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டால் மூன்று பாகங்களும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று நம்புவதைவிட, மூன்றுக்கும் உத்தரவு கொடுக்கும் ஒன்று பேசவில்லை என்று நினைப்பது புத்திசாலித்தனம்.

பழசாகும்போது இந்தச் சுருளில் கம்பி விட்டுப்போகும். சூட்டில் பிரியும், ஆறினால் சேரும். மீட்டரை வைத்து ஆறின சென்சாரை அளந்தால் சரியான ஓம் காட்டும். ஆகவே "சென்சார் செக் பண்ணிட்டோம், ஓகே" என்றால், சூடாக இருந்தபோது செக் செய்தார்களா என்று ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை. ஆர்.பி.எம். முள் இருக்கும் வண்டியில் இன்னொரு அடையாளம் உண்டு: நல்ல நாளில் செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சம் எழும், சென்சார் பேசாத நாளில் பல வண்டிகளில் அது பூஜ்யத்தை விட்டு அசையாது. ஸ்கேனர் வேலை செய்யும் வண்டியில் செல்ஃப் அடித்தபடியே ஆர்.பி.எம். எண்ணைப் பார்க்கலாம்.

இந்தக் கோளாறை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் இதே சென்சார் பேச்சை நிறுத்தும். உளுந்தூர்பேட்டை பக்கம் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல் மாதிரி ஆகிவிடும்.

காரிலும் பீங்கான் உண்டு

பிளக்கின் வெள்ளை உடம்பு பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்க் களிமண் இல்லை, அலுமினா. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும் மின்சாரம் பக்கவாட்டில் ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. மின்கம்பத்து இன்சுலேட்டரில் தூசியும் ஈரமும் படிந்தால் மழையில் கரண்ட் மேலோடு ஓடுவது போல, பிளக்கில் அழுக்குக் கோடோ மெல்லிய வெடிப்போ இருந்தால் ஸ்பார்க் உள்ளே போகாமல் வெளியிலேயே வழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் காலையில் எடுக்காத வண்டிக்கு முதலில் பிளக்கையும் அதன் வயர்களையும் பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, வேறு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னால் நீல நிறத்தில் பொறி ஓடுவதே தெரியும். கையால் மட்டும் தொட வேண்டாம்.

கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் உள்ளே இருப்பதும் உலோக ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த சிறு பீங்கான் துண்டுதான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது, 80 டிகிரியில் சுமார் முந்நூறுக்கு இறங்கிவிடும். அதன் வயர் எங்காவது விட்டுப்போனால், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியை ஈசியூ பனிமலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். பிளக் நனைந்து, பெட்ரோல் வாடை அடித்து, வண்டி எடுக்காது. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து ஆறு விநாடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்கள் பெட்ரோலை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றும். அதில் எடுத்துவிட்டால், பிரச்சினை பெட்ரோல் வராதது இல்லை, அதிகமாக வந்தது.

மூன்றாவது பீங்கான், ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருக்கும் சிர்கோனியா. விலை கூடிய பாகம். ஆனால் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது வேலையையே தொடங்கும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஈசியூ அதன் பேச்சைக் கேட்பதே இல்லை. ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு யாராவது ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால், காரணம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

எலியும் கேஸ் கிட்டும்

ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் இல்லாத சில காரணங்கள் நம் ஊரில் உண்டு. எலி முதலாவது. இன்ஜெக்டருக்குப் போகும் வயரைப் பாதி கடித்து விட்டுவைத்தால், வண்டி ஆடும்போது ஒட்டும், ஆடாதபோது விடும். இரண்டாவது, பிற்பாடு போட்ட சென்ட்ரல் லாக், மியூசிக் சிஸ்டம், அலாரம். சாவிக்குப் பின்னால் வரும் வயரைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். ஐந்து வருட வெயிலில் டேப்பின் பசை உருகி, முறுக்கு தளர்ந்திருக்கும்.

மூன்றாவது, எல்.பி.ஜி. கிட். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரைத் துண்டிப்பதற்காக ஒரிஜினல் வயரிங்கை வெட்டித்தான் அதைச் சேர்க்கிறார்கள். கேஸ் - பெட்ரோல் சுவிட்ச் தேய்ந்தாலே பெட்ரோலில் எடுக்காமல் போகலாம். கேஸ்தானே என்று டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பம்பும் காய்ந்துபோகும். கிட் போட்ட வண்டியில் முதலில் சுவிட்சைப் பெட்ரோலில் வைத்துக்கொண்டு சில நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் பலர் கைகாட்டுகிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதும், பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்கள் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம் என்பதும் உண்மை. ஆனால் வெயிலில் எடுக்காமல், இருபது நிமிடம் ஆறினதும் ஒழுங்காக எடுக்கும் கோளாறுக்கு எரிபொருள் மேல் பழி போடுவதற்கு முன், ரிலேயையும் சென்சாரையும் பார்த்துவிடலாம். டேங்கில் இருப்பது காலையிலும் அதே பெட்ரோல்தான்.

சில நேரம் தப்பு வண்டி வைத்திருப்பவர் பக்கமே இருக்காது. டென்சோ நிறுவனத்தின் பெட்ரோல் பம்புகளில், உள்ளே சுற்றும் பிளாஸ்டிக் சக்கரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும் குறை 2020-ல் உலக அளவில் வெளிவந்து, டொயோட்டா, ஹோண்டா வண்டிகள் லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் பெட்ரோல் பம்பில் குறை இருக்கலாம் என்று மாருதி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம், இதே காரணத்துக்காக ஹோண்டா இந்தியாவில் 65,651 கார்களை அழைத்திருந்தது. இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் இந்த வேலை நடந்ததா என்று, சேஸிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி இணையதளத்திலோ ஷோரூமிலோ இலவசமாகப் பார்க்கலாம்.

வண்டிக்கு ஒரு காவல் விளக்கு

துப்பு சேகரிக்க போனில் ஒரு குறிப்பு போதும். எடுக்காத ஒவ்வொரு முறையும் தேதி, மணி, வெயிலா நிழலா, ஓடி நிறுத்தி எவ்வளவு நேரம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், செல்ஃப் சுற்றியதா, பம்ப் சத்தம் வந்ததா, சாவி ஆனில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததா. கடைசிக் கேள்வி முக்கியம். அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், ஈசியூவுக்கே கரண்ட் போகாமல் இருக்கலாம். பிளக்கையும் பம்பையும் தேடிப் பயனில்லை. பேசி விளக்குவதைவிட, சாவி போடுவதிலிருந்து முப்பது விநாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மெக்கானிக்குக்கு இன்னும் வசதி. நாலு குறிப்பு சேர்ந்தாலே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்: மதியம் மட்டுமா, மழையில் மட்டுமா, டேங்க் காலியாக இருக்கும்போது மட்டுமா?

இதற்கும் பிடிபடாத வண்டிக்கு, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன்கள் செய்யும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் வயரில் ஒரு சின்ன பல்பைப் பியூஸோடு சேர்த்து, டேஷ்போர்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுவார்கள். வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய் வழக்கம்போல ஓட்ட வேண்டியதுதான். எடுக்காத அன்று, சாவி ஆனில் பல்பு எரிந்தும் பம்ப் சத்தம் இல்லை என்றால் குற்றவாளி பம்ப், அல்லது அதன் எர்த். பல்பே எரியவில்லை என்றால் பம்ப் நிரபராதி. ரிலே, பியூஸ், அதற்கு முந்தைய வயரிங். சாவி ஆனில் இரண்டு விநாடி எரிந்து, செல்ஃப் அடிக்கும்போது எரியவில்லை என்றால் கிராங்க் சென்சார் பக்கம் திரும்பலாம். ஒரு பல்பு செலவில், சில ஆயிரம் ரூபாய் பம்ப் வாங்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. பெட்ரோல் லைன் அழுத்தத்தில் இருக்கும். சூடான இன்ஜின் மேல் அதைக் கழற்றக் கூடாது. ஸ்பார்க் பார்ப்பதற்காகக் கழற்றின பிளக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடிக்கும்போது அந்தச் சோதனையே வேண்டாம். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஆற விட வேண்டும்.

பாகத்தை மாற்றியாகிவிட்டது, வண்டி இப்போது எடுக்கிறது. சரியாகிவிட்டதா? பத்து நாளைக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த கோளாறு மூன்று நாளாக வரவில்லை என்பதில் ஒன்றும் இல்லை. மாற்றாமல் இருந்திருந்தாலும் அந்த மூன்று நாள் வந்திருக்காது. குறைந்தது ஒரு மாதம், அதுவும் முன்பு முரண்டு பிடித்த அதே மதிய நேரத்தில், அதே மாதிரி கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மாற்றிய பழைய பாகத்தைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, தேதி எழுதி டிக்கியில் போட்டு வையுங்கள். ரிப்பேருக்குப் பிறகும் கோளாறு திரும்பினால், அந்தப் பாகம் நல்ல பாகம் என்பது தெரிந்துவிடும். அடுத்த மெக்கானிக் அதையே மறுபடி மாற்றச் சொல்லும்போது எடுத்துக் காட்டலாம்.